தபாற்காரர் பூங்காவும் எளியோர் வரலாறும்

இலண்டனின் வர்த்தக மையமாகிய 'சிற்றி'யில், சென். போல் பேராலயத்துக்கு வடக்கே, உயர்ந்த அலுவலகக் கட்டடங்களுக்கிடையே சிறியதொரு பூங்கா உளது. அண்மையிலிருந்த தலைமைத் தபாலகத்தின் ஊழியர்கள் தம் ஓய்வுவேளையை அங்கு கழித்தமையால் அது தபாற்காரர் பூங்கா எனப் பெயர்பெற்றது. 1850களில் நகரினுள் சடலங்களைப் புதைப்பது தடைசெய்யப்பட்டது. அவ்வாறு பயன்பாடிழந்த தேவாலய இடுகாடொன்றே 1880 இற் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நிலத்துக்கு நிகரற்ற விலை நிலவிய இடத்தில், இறந்தோரின் நிலமே வாழ்வோருக்கு நிழலாயிற்று.

ஆயினும் இப்பூங்காவுக்கு வரலாற்று முக்கியத்துவம் அளிப்பது அங்குள்ள நினைவுச்சுவரேயாகும். விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டாகிய 1887 இல், ஓவியர் ஜோர்ஜ் பிரெடெரிக் வாற்ஸ், பிறரைக் காக்கத் தம்முயிர் ஈந்த சாதாரண மக்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டுமெனப் பத்திரிகைக்கு எழுதினார். அரசு அதனை ஏற்கவில்லை. 1900 இல் அவரது முயற்சியாற் கூரையிட்ட தாழ்வாரமொன்று இப்பூங்காவில் எழுந்தது. 120 பெயர்ப்பலகைகளுக்கு இடமிருந்தும் அன்று பதிக்கப்பட்டவை நான்கே.

அலிஸ் எயர்ஸ் 1885 இல் தீப்பற்றிய வீட்டிலிருந்து மூன்று குழந்தைகளைக் காப்பாற்றி உயிர்நீத்தவர். கொத்தனாரின் கீழ் உழைத்த கூலியாளின் மகளென அவரது பலகை கூறுகின்றது. கழிவுநீர் நிலையத்திற் சகதொழிலாளரை மீட்கச் சென்று மாண்டோரும், சீனி சுத்திகரிப்பு ஆலையிற் கொதிகலன் வெடித்தபோது தோழனைத் தேடிச்சென்று மடிந்தவரும் இங்கு நினைவுகூரப்படுகின்றனர். மன்னரும் படைத்தலைவரும் சிலைகளாக நின்ற நகரில் உழைப்பாளரின் பெயர்கள் சுவரேறியமை சிறிய மாற்றமன்று.

எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. உழைப்பாளன் இச்சுவரில் இடம்பெற இறக்கவேண்டியிருந்தது. அவனது தியாகத்தைப் போற்றும் பலகை, அத்தியாகத்தை வேண்டிநின்ற பாதுகாப்பற்ற தொழிற்களத்தையும் குடியிருப்பையும் பற்றிக் கேள்வி எழுப்புவதில்லை. வீரத்தைப் புகழ்வது எளிது. அவ்வீரம் தேவைப்படாத நிலையை உருவாக்குவதே அரிது.

2007 இற் கால்வாயில் மூழ்கிய சிறுவனைக் காப்பாற்றி இறந்த ஒருவருக்கு, நெடிய இடைவெளியின் பின் 2009 இற் புதிய பலகை பதிக்கப்பட்டது. அதனுடன் பலகைகளின் தொகை 54 ஆயிற்று. பாதிக்கு மேற்பட்ட இடம் நிரம்பாதிருந்தது. பெயர் பொறிக்கப்படாத பல்லாயிரவரின் அன்றாட உழைப்பை ஆராயும் கடமையையே அவ்வெற்றிடம் வரலாற்று மாணவருக்கு உணர்த்துகின்றது எனலாம்.