பெரும் ஒலிக் கூடங்களில் ஆம்பிசோனிக்ஸ்

கேட்பவரைச் சுற்றி எல்லாத் திசைகளிலிருந்தும், தலைக்கு மேலிருந்தும் காலடியிலிருந்தும் வரும் ஒலியைப் பதிவு செய்து மீண்டும் ஒலிக்கவைக்க 1970-களில் இங்கிலாந்தில் உருவான முறை ஆம்பிசோனிக்ஸ். ஸ்டீரியோவிலும் திரையரங்குகளின் 5.1 முறையிலும் ஒவ்வொரு தடமும் ஒரு குறிப்பிட்ட ஒலிபெருக்கிக்கு உரியது. ஆம்பிசோனிக்ஸின் தடங்கள் எந்த ஒலிபெருக்கிக்கும் உரியவை அல்ல. ஒரு புள்ளியைச் சூழ்ந்த ஒலிப்புலத்தையே அவை விவரிக்கின்றன. சுரப்படுத்திய பாட்டை வீணையிலும் வாசிக்கலாம், நாகசுரத்திலும் வாசிக்கலாம் என்பதைப் போல, ஒரே படைப்பை 8 ஒலிபெருக்கிகள் உள்ள அறையிலும் 54 உள்ள கோளத்திலும் ஒலிக்கச் செய்யலாம். ஊருக்கு ஊர் கூடத்தின் வடிவம் மாறும் ஒலி நிறுவல்களுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

தோற்றம்

ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் பயின்ற மைக்கேல் கெர்சன் (1945–1996) இதன் முதன்மைச் சிற்பி. ரெடிங் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபெல்கெட்டும் இதில் பணியாற்றினார். நான்கு மூலைகளிலும் ஒலிபெருக்கி வைக்கும் குவாட்ரஃபோனிக் முறை அப்போது கடைகளில் விற்றது. அதில் பக்கவாட்டு ஒலிகள் ஓரிடத்தில் நிலைத்து நிற்கவில்லை. காது திசையை உணரும் விதத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்று கெர்சன் கருதினார். பீட்டர் கிரேவனுடன் சேர்ந்து, நான்முகி வடிவில் நான்கு வாங்கிகளைப் பொருத்திய ஒலிவாங்கி ஒன்றை வடிவமைத்தார். அதை கேல்ரெக் நிறுவனம் 1978-ல் 'சவுண்ட்ஃபீல்ட்' என்ற பெயரில் தயாரித்தது. நிம்பஸ் இசைத்தட்டு நிறுவனம் தவிரப் பெரிய ஆதரவு எதுவும் கிட்டவில்லை. வீட்டுச் சந்தையில் தோற்ற இம்முறை, கணினிகள் மலிந்த பிறகு ஆய்வுக்கூடங்களிலும் கலைக்கூடங்களிலும் புத்துயிர் பெற்றது. அதன் பெரும்பகுதியைக் காண கெர்சன் உயிரோடு இல்லை.

செயல்படும் முறை

முதற்படி ஆம்பிசோனிக்ஸில் நான்கு தடங்கள் உண்டு. டபிள்யூ என்னும் தடம் எல்லாத் திசை ஒலியையும் சமமாக ஏற்கிறது. எக்ஸ், ஒய், இசட் ஆகியவை முறையே முன்-பின், இட-வல, மேல்-கீழ் வேறுபாடுகளைத் தாங்குகின்றன. கூடத்தின் ஒலிபெருக்கிகள் எங்கெங்கே உள்ளன என்று அறிந்த டிகோடர், இத்தடங்களை உரிய விகிதத்தில் கலந்து ஒவ்வொன்றுக்கும் அனுப்புகிறது. படி உயர உயரத் திசை கூர்மையாகும், தடங்களும் பெருகும்: மூன்றாம் படிக்கு 16, ஐந்தாம் படிக்கு 36, ஏழாம் படிக்கு 64. முழுக் கோளத்துக்குக் குறைந்தது அத்தனை ஒலிபெருக்கிகளாவது வேண்டும்.

பெரிய கூடத்தின் சிக்கல்

கோட்பாடு நடுப்புள்ளியில் ஒருவர் இருப்பதாகக் கொள்கிறது. முதற்படியில் 1000 ஹெர்ட்ஸ் ஒலி சரியாக மீண்டமைவது அப்புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ 5 செ.மீ. ஆரத்துக்குள் மட்டுமே, ஒரு தலைக்கே அது போதாது. ஏழாம் படியில் இது 38 செ.மீ. ஆகிறது. நிறுவலுக்கு வருவோரோ நடக்கிறார்கள், சுவரோரம் நிற்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

20 மீட்டர் அகலக் கூடத்தில் ஒருவர் இடப்பக்க ஒலிபெருக்கிக்கு 2 மீட்டர் அருகில் நிற்பதாகக் கொள்வோம். எதிர்ப்பக்கத்தது 18 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் ஒலி சுமார் 47 மில்லிவினாடி தாமதித்து, ஒன்பதில் ஒரு பங்கு அழுத்தத்தோடு வந்து சேரும். முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்புவதால், வலப்பக்கம் இருக்க வேண்டிய பறவை இடப்பக்கம் கூவும். கைதட்டல் போன்ற வெட்டொலிகள் இரட்டையாகக்கூடக் கேட்கும். அடிப்படை டிகோடிங்கில் எதிர்ப்பக்க ஒலிபெருக்கிகளும் தலைகீழ்க் கட்டத்தில் ஒலிப்பது இதை மேலும் கெடுக்கிறது.

இதற்கான மருந்துகளில் முக்கியமானது, உயர்படிக் கூறுகளின் எடையைக் குறைத்து, ஆற்றலை உரிய திசையில் குவித்து எதிர்த்திசைக் கசிவை அடக்கும் டிகோடிங். ஒலியாற்றல் எத்திசையில் எவ்வளவு குவிகிறது என்று காட்டும் கெர்சனின் ஆற்றல் திசையன் கருத்தில்தான் இதன் வேரும் இருக்கிறது. ஒலிபெருக்கிகளைச் சீரான இடைவெளியில் வைக்க இயலாத கூடங்களுக்காக, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஃபிரான்ஸ் சோட்டரும் மத்தியாஸ் ஃபிராங்கும் 2012-ல் 'ஆல்ராட்' முறையை வெளியிட்டனர். முதலில் கற்பனையான சீர்க்கோள ஒலிபெருக்கிகளுக்கு டிகோட் செய்து, பிறகு அவற்றை உண்மையான இடங்களுக்குப் பங்கிடுவது அதன் உத்தி. உத்தரங்களும் வாசல்களும் குறுக்கே நிற்கும் கட்டடங்களில் இது பெரும் விடுதலை.

எந்த டிகோடரும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. மழை, காடு, கூட்டத்தின் இரைச்சல், எதிர்முழக்கம் போன்ற பரந்த ஒலிகளை ஆம்பிசோனிக்ஸ் அற்புதமாகத் தாங்குகிறது. அவற்றுக்குள் எங்கே நடந்தாலும் சூழல் குலைவதில்லை. ஒரு தனிக் குரலை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமானால், அங்கே ஓர் ஒலிபெருக்கியை வைத்து அதிலேயே பேசவைப்பதுதான் சரி. நல்ல நிறுவல்கள் இரண்டையும் கலக்கின்றன.

கூடங்கள்

கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்தில் உள்ள ஆலோஸ்ஃபியர் 10 மீட்டர் விட்டமுள்ள கோளம். துளையிட்ட அலுமினியத் திரைக்குப் பின்னால் 54 ஒலிபெருக்கிகள் மூன்று மட்டங்களில் உள்ளன. பார்வையாளர்கள் கோளத்தின் நடுவே ஓடும் பாலத்தில் நிற்பதால், நடுப்புள்ளிச் சிக்கலைக் கட்டடமே பாதி தீர்த்துவிடுகிறது. பெல்ஃபாஸ்டின் சோனிக் லேப் 2004-ல் திறக்கப்பட்டது. அங்கே வலைபோன்ற தரையின் மேல் அமர்ந்து கீழிருந்து எழும் ஒலியையும் கேட்கலாம். கிராஸின் கியூப் அரங்கில் 24 ஒலிபெருக்கிகளும், பாரிஸில் இர்காம் இசை ஆய்வு மையத்தின் அரங்கக் குவிமாடத்தில் 75-ம் உள்ளன.

படைப்பாளிக்கு அரங்கம் சில நாட்களே கிடைக்கும். அதுவரை ஹெட்ஃபோனில் வேலை செய்யலாம். தலை திரும்பும்போது ஒலிப்புலம் முழுவதையும் எளிய கணக்கில் சுழற்றிவிட முடியும். கிராஸ் நகரின் ஆய்வு நிறுவனம் இலவசமாகத் தரும் செருகுநிரல்கள் ஏழாம் படிவரை செல்கின்றன.

படைப்பின் ஒலிக்கோப்பை அரங்குக்குக் கொடுக்கும்போது அதன் தட வரிசை வழக்கத்தைக் குறித்துத் தர வேண்டும். பழைய 'ஃபூமா' வழக்கத்தில் தடங்கள் டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என வரும்; 2011-ல் வந்து இன்று பரவலாகிவிட்ட 'ஆம்பிஎக்ஸ்' வழக்கத்தில் டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ். ஃபூமா கோப்பை ஆம்பிஎக்ஸாக வாசித்தால் முன்னால் இருந்த ஒலி இடப்பக்கம் போகும், இடப்பக்கத்தது தலைக்கு மேல் ஏறும்.