பூந்தமல்லியிலிருந்து திருவல்லிக்கேணி வரை: மூன்று கல்வெட்டுகள்

விடுமுறை நாளில் எங்கே போவது என்னும் கேள்வி சென்னைப் புறநகர்க் குடும்பங்களில் வாரந்தோறும் எழுகிறது. கடற்கரை, உயிரியல் பூங்கா, கடைத்தெரு என்று விடையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகிறது. இவற்றை நாம் குறை கூறவில்லை. பிள்ளைகள் ஓடியாடவும் பெரியவர்கள் காற்று வாங்கவும் இவை வேண்டியவையே. ஆயினும், நம் வீட்டு வாசலிலிருந்து சிறிது தொலைவில் இருக்கும் பழஞ்சின்னங்களை ஒருமுறையேனும் காணாமல் ஆண்டுகள் கழிவது வருந்தத்தக்கது.

எஸ். முத்தையா முதலிய அறிஞர்களின் முயற்சியால், 2004ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு 22ஆம் நாளையொட்டி ‘சென்னை நாள்’ கொண்டாடப்படுகிறது. அந்நாள்களில் ஆர்வலர்கள் குழுவாகச் சேர்ந்து பழைய தெருக்களில் நடந்து வரலாறு அறிகின்றனர். அந்நடைகள் பெரும்பாலும் கோட்டை, ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் ஆகிய கடலோரப் பகுதிகளில் நிகழ்கின்றன. துறைமுக நகரின் வரலாறு துறைமுகத்தருகே மட்டுமே இருக்கும் என்னும் எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்துவிட்டது. காட்டுப்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம் இவ்வெண்ணத்தை எளிதில் மாற்றிக்கொள்ளலாம். பரங்கிமலை – பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நின்று மேற்கே சிறிது தொலைவு சென்றால் ஒரு கல்வெட்டு. அதே சாலையில் கிழக்கே சென்று கிண்டி வழியாக அடையாற்றைக் கடந்தால் இரண்டாவது. அங்கிருந்து திருவல்லிக்கேணிக்குச் சென்றால் மூன்றாவது. இம்மூன்றும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் போதுமானவை.

பூந்தமல்லி: 1653

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து ஆள்களையும் பண்டங்களையும் கரை சேர்த்தன. அலைதாங்கிச் சுவர் எழுப்பும் வேலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்கியது. அதையும் 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. கப்பல் வந்து நிற்பதற்கே இடர்மிக்க இக்கரையில் ஒரு வணிக நகரம் தழைத்ததற்குக் காரணம், அதன் பின்னே விரிந்துகிடந்த நெசவூர்களும் அவற்றைக் கரையோடு இணைத்த சாலைகளுமே. அச்சாலைகளின் வாயிலாக விளங்கிய ஊர் பூந்தமல்லி.

1639ஆம் ஆண்டு ஆங்கிலக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இக்கடற்கரையில் இடம் வேண்டியபோது, நிலத்தை அளித்தவர் தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் பூந்தமல்லியில் தங்கி, கரையோரப் பகுதிகளின் காரியங்களைக் கவனித்து வந்தார். சென்னை பிறப்பதற்கான பேச்சு நடந்ததில் பூந்தமல்லிக்கும் பங்குண்டு என்பது இதனால் விளங்கும்.

சில ஆண்டுகளில் ஆட்சி மாறியது. கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குத்புஷாவின் படைகள் இப்பகுதியை வென்றன. அப்படைகளுக்குத் தலைமை தாங்கியவர் வரலாற்றில் மீர் ஜும்லா எனப்படும் முஹம்மது ஸயீத். ஈரானின் அர்திஸ்தானில் எளிய குடும்பத்தில் பிறந்து, வைர வணிகராக வளர்ந்து, அமைச்சராக உயர்ந்தவர் அவர். சொந்தக் கப்பல்கள் வைத்து கடல் வணிகமும் நடத்தினார். கம்பெனியார் தம் பழைய உரிமைகளை அவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டியதாயிற்று. பின்னர் அவர் மொகலாயர் பக்கம் சேர்ந்து, 1663ஆம் ஆண்டு வங்காளத்தில் காலமானார்.

அவர் காலத்தில், 1653ஆம் ஆண்டு, பூந்தமல்லியில் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. அதைக் கட்டியவர் துல்பிகார் என்பவரின் மகனான ருஸ்தம். அவருடைய குடும்பத்தின் ஊர் காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே உள்ள அஸ்தராபாத். இந்நாளில் அது குர்கான் என வழங்கும் ஈரானிய நகரம். அந்தத் தொலைதூர நகரத்தின் பெயர் நம் பூந்தமல்லியின் வரலாற்றில் இடம்பெற்றிருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். உலகப்படத்தை விரிக்காமல் அவர்கள் விடமாட்டார்கள்.

இக்கல்லின் முன் நின்று மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவில் கோயில்கள் சிதைக்கப்பட்ட நிகழ்ச்சிகளைச் சான்றுகளோடு பட்டியலிட்ட வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன், 1653ஆம் ஆண்டுப் பூந்தமல்லியையும் ருஸ்தமின் பெயரையும் அதில் சேர்த்துள்ளார். பகைநாட்டு அரசர்களின் ஆதரவு பெற்ற கோயில்களை வென்ற அரசுகள் தாக்கியதற்கு அரசியலே பெருங்காரணம் என்பது அவர் ஆய்ந்து கண்ட முடிவு. காரணம் எதுவாயினும் நிகழ்ச்சி நிகழ்ச்சியே. அதை மூடி மறைப்பது வரலாறாகாது. அதில் பெருமை கொள்வதும் தகாது. அப்படையெடுப்புக்கு இன்றைய பூந்தமல்லி முஸ்லிம் பொறுப்பாளி அல்லன். அதற்கு வாரிசாக எவரும் உரிமை கொண்டாடவும் இயலாது. பிள்ளை இதைப் பிறர் வாயிலாகச் சினத்தோடு கேட்பதைவிட, தந்தையின் வாயிலாக நிதானத்தோடு கேட்பது நன்று.

பூந்தமல்லியின் செல்வாக்கு அதன்பின்னும் தொடர்ந்தது. 1672ஆம் ஆண்டு கோல்கொண்டாவின் அதிகாரி நெக்நாம் கான் சென்னைக்கு ஆண்டுக்கு 1,200 வராகன் வாடகை என உறுதி செய்தார். 1680ஆம் ஆண்டையொட்டிப் பூந்தமல்லி அதிகாரி லிங்கப்பரோடு கம்பெனியாருக்குப் பிணக்கு ஏற்பட்டபோது, கோட்டைக்குச் செல்லும் பண்டங்கள் வழியிலேயே தடைபட்டன. கடல் திறந்திருந்தும் நகரம் திணறியது. துறைமுகத்தின் கதவு உள்நாட்டில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சைதாப்பேட்டை: 1726

இரண்டாவது கல்லை நட்டவர் ஓர் ஆர்மீனியக் கிறித்தவ வணிகர். கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்பது அவர் பெயர். சென்னையில் பெரும்பொருள் ஈட்டிய அவர், பரங்கிமலை செல்லும் வழியில் அடையாறு குறுக்கிட்டு மக்கள் அல்லலுறுவதைக் கண்டார். 1726ஆம் ஆண்டு சொந்தப் பொருளில் அங்கே பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. ‘மர்மலாங் பாலம்’ எனப்பட்ட அப்பாலம் மறைந்து, அவ்விடத்தில் மறைமலை அடிகள் பாலம் எழுந்துவிட்டது. பழைய பாலத்தின் நினைவாக எஞ்சியது சைதாப்பேட்டைக் கரையில் இருந்த கல்வெட்டொன்றே.

அக்கல்வெட்டின் மொழிகள் பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் என்னும் மூன்று. ஆர்மீனியம் கட்டியவருடைய தாய்மொழி. இலத்தீன் ஐரோப்பியக் கிறித்தவர்களின் சமயமொழி. பாரசீகமோ அந்நாளில் அரசாங்கங்களும் வணிகர்களும் ஏற்றுக்கொண்ட பொதுமொழி. ஒரு கிறித்தவ வணிகர் தம் அறத்தை ஊரறியச் செய்யப் பாரசீகத்தையும் நாடினார் என்பதிலிருந்து, அம்மொழி ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாக அன்று கருதப்படவில்லை என்று அறிகிறோம். அப்பாலத்தைப் பேருந்தில் கடக்கும் ஆயிரக்கணக்கானோரில் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

திருவல்லிக்கேணி: 1795

மூன்றாவது கல் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் பழகிய இடத்தில் உள்ளது. ஆற்காடு நவாபு முஹம்மது அலி வாலாஜாவின் காலத்தில், 1795ஆம் ஆண்டு, கருங்கல்லால் எழுந்த திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலை அறியாதார் இலர். 1972ஆம் ஆண்டு மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்களின் அடக்கவிடமும் அங்கேதான் உள்ளது. அதை ஸியாரத் செய்யச் செல்வோர் பலர். உள்ளே கல்லில் பொறித்துள்ள எழுத்தைக் கருத்தூன்றிக் காண்போர் சிலரே.

இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது என்னும் பொருளைத் தரும் மூன்று அரபுச் சொற்கள் அதில் அமைந்துள்ளன. அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. அம்முறைப்படி முதற்சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 920 வருகிறது. இரண்டாவதாகிய ‘அல்லாஹ்’ என்பதற்கு 66. மூன்றாவதற்கு 223. மூன்றையும் சேர்த்தால் 1209. பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி ஆண்டு அதுவே. மத்ரஸாவில் அலிஃப், பே படிக்கும் சிறுவன் ஒருவன் தாளும் பென்சிலும் கொண்டு இதைத் தானே கூட்டிப் பார்க்கலாம்.

இவ்வளவு நயமான ஆண்டுக்குறிப்பை இயற்றியவர் ராஜா மக்கன்லால். நவாபின் பணியிலிருந்த இந்து அறிஞர். தொழுமிடத்தில் ஒரு மாற்றுச் சமயத்தாரின் புலமை கல்லில் நிலைபெற்றிருக்கிறது. பூந்தமல்லிக் கல்லைப் பார்த்துக் கலங்கிய உள்ளம் இங்கே தேறும். ஒரே நகரில், நூற்று நாற்பது ஆண்டு இடைவெளியில், வெற்றியின் சின்னம் ஒன்றும் நட்பின் சின்னம் ஒன்றும் நமக்குக் கிடைத்துள்ளன. ஒன்றை மட்டும் படித்துவிட்டு நம் முன்னோரை அளப்பவர், அது எந்தக் கல்லாயினும், பாதி வரலாற்றையே படித்தவராவார்.

நாம் செய்ய வேண்டியது

பழைய பள்ளிவாசல்கள் விரிவாக்கப்படும்போது கல்வெட்டுகளுக்கு ஆபத்து நேர்கிறது. எழுத்தின் பள்ளங்களில் வர்ணம் நிரம்பிவிடுகிறது. சில இடங்களில் பளிங்குப் பலகைக்குப் பின்னே கல் முழுதும் மறைந்துவிடுகிறது. தொழுவோர் பெருகும்போது இடத்தை விரிவாக்குவது தேவையே. கல்லைக் காப்பதால் அத்தேவைக்கு எவ்விதத் தடையும் இல்லை. வேலை தொடங்குமுன் நிழற்படம் எடுத்து, கல்லைக் கண்ணில் படும் இடத்தில் பதிக்குமாறு ஜமாஅத்தார் கொத்தனாரிடம் சொன்னாற் போதும். படிக்க இயலாத எழுத்தாயின் நாகபுரியில் உள்ள தொல்லியல் துறையின் அரபு–பாரசீகக் கல்வெட்டுப் பிரிவுக்கு எழுதிக் கேட்கலாம்.

காட்டுப்பாக்கத்தில் வயல்கள் குறைந்து அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. நெடுஞ்சாலையின் மேலே மெட்ரோ ரயில் பாதையும் அமைந்துவிட்டது. பல ஊர்களிலிருந்து வந்து குடியேறிய நம் பிள்ளைகளுக்கு இவ்வூர் இன்னும் ‘வாடகைக்கு இருக்கும் இடம்’ மட்டுமே. ஊரின் வரலாறு தெரிந்தால்தான் அது அவர்களுக்குச் சொந்த ஊராகும். எனவே பூந்தமல்லியில் தொடங்குங்கள். தொழுகை நேரம் தவிர்த்து, இமாமிடமோ முத்தவல்லியிடமோ சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஒரு குறிப்பேடு கையில் இருக்கட்டும். கல்வெட்டைப் பார்க்க ஏற்றது சாய்ந்த வெளிச்சம். எழுத்தின் பள்ளங்களில் நிழல் விழுந்து, தேய்ந்த வரிகளும் அப்போது தெளிவாகத் தெரியும்.