ஓர்ச்சார்ட் வீதியின் வதைகூடம்

சிங்கப்பூர் ஓர்ச்சார்ட் வீதியில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கட்டடம் 1911 இல் எழுந்தது. இளைஞர்களின் உடலும் உள்ளமும் செழிக்கவேண்டும் என்பதே அதனைக் கட்டியோரின் நோக்கம். 1942 பெப்ரவரி 15 இல் பிரித்தானியர் ஜப்பானியரிடம் சரணடைந்ததன் பின், கெம்பெய்தாய் எனும் ஜப்பானிய இராணுவப் பொலிஸ் அங்கு குடிபுகுந்தது. வாலிபர்கள் நுழைந்த அதே வாசலால் கைதிகள் இழுத்து வரப்பட்டனர்.

1943 செப்டெம்பர் 26 ஆம் திகதி இரவு சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் சிறு வள்ளங்கள் சில ஓசையின்றி நுழைந்தன. அவற்றில் வந்தோர் பொருத்திய குண்டுகளால் ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமுற்றன. அவர்கள் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த நேசநாட்டுக் கொமாண்டோக்கள். கெம்பெய்தாயோ, சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த ஐரோப்பியக் குடிமக்களின் சதி என்று முடிவுகட்டியது. ஒக்டோபர் 10 இல் சிறை சோதனையிடப்பட்டது. அதனாலேயே இச்சம்பவம் 'இரட்டைப் பத்து' எனப் பெயர்பெற்றது. இக்கட்டடத்துக்கும் ஏனைய கெம்பெய்தாய் நிலையங்களுக்கும் 57 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். 15 பேர் மாண்டனர்.

வெளியிலிருந்தும் பலர் பிடிபட்டனர். அவர்களுள் ஒருவர் எலிசபெத் சோய் என்ற ஆசிரியை. சிறைப்பட்டோருக்கு உணவும் மருந்தும் கடிதங்களும் கிடைக்க உதவிய அவர், ஏறக்குறைய 200 நாட்கள் இங்கே வதைபட்டார். கணவரின் கண்முன்னே அவருக்கு மின்சாரம் பாய்ச்சினர். கப்பல்களைப் பற்றி எதுவும் அறியாதவர் எதனைச் சொல்ல முடியும்?

இக்கட்டடம் நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். வதைப்பவன் உண்மையைத் தேடுவதில்லை. தான் முன்னரே நம்பிவிட்ட ஒன்றுக்கு வாக்குமூலம் தேடுகிறான். இத்தனை உயிர்கள் போன பின்னும் கப்பல்களைத் தகர்த்தவர் யாரென்று கெம்பெய்தாய் அங்கே கண்டறியவில்லை. 1946 இல் நடந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 21 பேரில் எட்டுப் பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. தம்மை வதைத்தோருக்கு மரணதண்டனை கோர சோய் மறுத்துவிட்டார். யுத்தமே அவர்களை அப்படி ஆக்கியது என்பது அவரது நிலைப்பாடு. 2006 இல் அவர் காலமானார்.

பழைய கட்டடம் 1981 இல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் சங்கத்தின் புதிய கட்டடம் நிற்கிறது. நடந்ததைக் கூறும் நினைவுப் பலகை 1995 இல்தான் அங்கு நாட்டப்பட்டது. மறுமையில் மண்ணும் சாட்சி சொல்லும் என நம்புகிறவர்கள் நாம். அதுவரை அந்தச் சாட்சியத்தை எழுதிவைப்பது உயிரோடிருப்போரின் கடன். சுவர்களை இடித்துவிடலாம், அந்தக் கடனைத் தீர்க்காமல் இருக்க முடியாது.