ஆய்வுகூடம் யாருக்கு?

விஞ்ஞானத்தைப் புத்தகத்தில் மட்டும் கற்கும் மாணவர், பிறர் கண்ட உண்மைகளை ஏற்றுக்கொள்கின்றனர். ஆய்வுகூடத்தில் கற்கும் மாணவரோ அவ்வுண்மைகளைத் தாமே சோதித்தறிகின்றனர். ஜேர்மனியின் கீசன் நகரில், 1820களில், லீபிக் என்னும் இரசாயன அறிஞர் மாணவர்களைத் தமது ஆய்வுகூடத்தில் ஒன்றுதிரட்டிப் பரிசோதனைகளை அவர்கள் கையாலேயே செய்து பழகச் செய்தார். அக்காலந்தொட்டுச் செய்முறைக் கல்வி விஞ்ஞானக் கல்வியின் உயிர்நாடியாகப் போற்றப்பட்டு வந்துள்ளது.

ஆனால், அந்த ஆய்வுகூடம் யாரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது என்ற கேள்வி நெடுங்காலம் எழவில்லை. நின்று வேலை செய்வோரின் உயரத்துக்கு அமைந்த மேசை, கண்ணால் மட்டுமே வாசிக்கத்தக்க வெப்பமானி, நிறமாற்றத்தால் மட்டுமே முடிவைக் காட்டும் பரிசோதனை, ஒருமுறை விரைந்து கூறப்படும் விளக்கம் ஆகிய யாவும் ஒரேவகை உடலுக்கும் ஒரேவகைப் புலனுக்கும் ஏற்றவையாகவே இருந்தன. விழிப்புலனற்ற மாணவர் பிறர் சொல்லக் கேட்டு எழுதினர்; சக்கர நாற்காலியில் வந்தவர் பிறர் செய்வதைப் பார்த்திருந்தனர்; எழுத்து வாசிப்பதில் இடர்ப்பட்டோர் மந்தபுத்தியினர் என்று முத்திரை குத்தப்பட்டனர். குறை சாதனத்தில் இருந்தது. பழியோ மாணவர்மேல் விழுந்தது.

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் ஒன்று கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் நிகழ்ந்தது. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியபின், பின்தங்கிவிடுவோமோ என அஞ்சிய ஐக்கிய அமெரிக்க அரசு, விஞ்ஞானக் கல்விக்குப் பெருநிதியை ஒதுக்கிற்று. பனிப்போரின் பொருட்டுத் திறக்கப்பட்ட அப்பணப்பையினால் சில நற்பயன்களும் விளைந்தன. றொபேட் கார்ப்பிளஸ் என்னும் பௌதிக அறிஞர், சிறுபிள்ளைகள் பொருட்களைக் கையாண்டு கற்கும் பாடத்திட்டம் ஒன்றை 1960களில் உருவாக்கினார். 1968இல் திறக்கப்பட்ட லோறன்ஸ் விஞ்ஞான மண்டபம் இத்தகைய முயற்சிகளின் நிலைக்களனாயிற்று. அங்கு பணியாற்றிய கல்வியாளர் சிலர், அடுத்த தசாப்தத்தில், இம்முறையை விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கும் ஏற்றதாக்க முயன்றனர். 1976இல் இது 'சாவி' என்ற சுருக்கப்பெயருடைய தனித்திட்டமாயிற்று. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களால் ஆன அப்பெயர், தமிழிலும் பொருத்தமானதொரு பொருளைத் தருவது தற்செயலே.

அவர்கள் செய்த மாற்றங்கள் வியக்கத்தக்க எளிமை வாய்ந்தவை. ஊசிமருந்து ஏற்றப் பயன்படும் பிளாஸ்டிக் குழாயின் தண்டிலே, குறித்த அளவுகளில் வெட்டுக்கள் இடப்பட்டன. தண்டை இழுக்கும்போது விரல் அவ்வெட்டை உணர்ந்ததும், எவ்வளவு நீர் உள்ளே வந்தது என்பது தெரிந்துவிடும். தராசின் சமநிலையைத் தொட்டறிய ஒரு காட்டி பொருத்தப்பட்டது; வெப்பமானியின் முகப்பில் புடைப்புப் புள்ளிகள் அமைக்கப்பட்டன. கீழே விழும் பொருளின் ஓசையைக் கேட்டு அது இன்னதென அறிவதும் ஒரு பாடமாயிற்று. அப்பாடத்தில் கண்பார்வை உள்ள பிள்ளைக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் இம்முயற்சி உடல் இயக்கக் குறைபாடும் கற்றல் இடர்ப்பாடும் உடைய பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

எனினும், கல்வியாளரின் நல்லெண்ணம் மட்டுமே ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்துவிடவில்லை. 1962இல் எட் றொபேட்ஸ் என்பவர் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது, போலியோவால் முடங்கி இரும்பு நுரையீரலின் துணையுடன் வாழ்ந்த அவருக்கு ஏற்ற விடுதி இருக்கவில்லை. பல்கலைக்கழக மருத்துவமனையே அவரது விடுதியாயிற்று. 1970இல் நியூயோர்க்கில் ஜூடித் ஹியூமன் என்ற பெண்ணுக்கு, அவர் சக்கர நாற்காலியில் இயங்குபவர் என்பதால், ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட்டது. அவர் வழக்காடி அதனைப் பெற்றார்.

மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்நிறுவனமும் உடற்குறையைக் காரணங்காட்டி எவரையும் ஒதுக்கலாகாது என 1973இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகள் நான்கு ஆண்டுகளாகக் கையொப்பமின்றிக் கிடந்தன. 1977 ஏப்ரல் 5ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவிலுள்ள அரசாங்க அலுவலகத்தினுள் நுழைந்த போராளிகள், அங்கிருந்து வெளியேற மறுத்தனர். ஹியூமனும், சோஷலிச இயக்கத்தில் ஊறிய கிற்றி கோனும் அவர்களுக்கு வழிகாட்டினர். தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, செவிப்புலனற்றோர் யன்னல்களினூடே கைமொழியாற் செய்தி அனுப்பினர். கறுப்புச் சிறுத்தைகள் கட்சியினர் நாள்தோறும் உணவு கொண்டுவந்து கொடுத்தனர். ஒடுக்கப்பட்டோர் ஒருவரையொருவர் இனங்கண்டுகொண்ட அரிய தருணம் அது. ஏப்ரல் 28இல் விதிகள் கையொப்பமிடப்பட்டன. 30ஆம் திகதி போராளிகள் வெற்றியுடன் வெளிவந்தனர். வகுப்பறை வாயிலில் அதுவரை இரக்கத்தை வேண்டி நின்ற மாணவர், அதன்பின் உரிமையுடன் உள்ளே நுழைந்தனர்.

இவ்வரலாற்றின் அடுத்த கட்டம் நமக்கு மிக முக்கியமானது. விழிப்புலனற்றோருக்கென ஆக்கப்பட்ட அச்சாதனங்களும் பாடமுறையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நன்மை பயப்பதை ஆசிரியர்கள் கண்டனர். தொட்டும் கேட்டும், சிறு குழுவாகக் கூடிப் பேசியும் கற்கும்போது, பார்வையுள்ள பிள்ளையும் தெளிவாக விளங்கிக்கொண்டது. அந்த அநுபவத்தின்மேல், 1988இல் தொடங்கி, எல்லாப் பிள்ளைகளுக்குமான ஆரம்பப் பாடசாலை விஞ்ஞானப் பாடத்திட்டம் ஒன்று அதே மண்டபத்தில் உருவாக்கப்பட்டது. விளிம்பில் தள்ளப்பட்டோருக்காகப் பிறந்த முறை, இவ்வாறு பொதுமுறையாயிற்று.

உடற்குறையுடையோரின் கல்வியுரிமையை வலியுறுத்தும் ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதிப்படுத்தியது. ஒப்பந்தம் காகிதத்தில் இருப்பது நன்றே. ஆனால், மேசையின் உயரத்தைக் காகிதம் குறைத்துவிடாது. குழாயின் தண்டில் ஒரு வெட்டு இடுவதற்கோ, அளவுகோலில் நூலை ஒட்டிப் புடைப்புக் கோடு அமைப்பதற்கோ, செய்முறைக் குறிப்பை இருமுறை உரக்க வாசிப்பதற்கோ பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. இவை ஆசிரியர் கையில் உள்ளவை. மேசையை மாற்றுவதற்கும், பரீட்சையில் மேலதிக நேரம் பெறுவதற்கும், உதவியாளரை நியமிப்பதற்கும் நிதியும் ஆணையும் வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் ஒன்றுபட்டு ஆற்றவேண்டிய பணி. பேர்க்லியின் கல்வியாளரும் சான் பிரான்சிஸ்கோவின் போராளிகளும் ஆளுக்கொரு பாதியாகச் செய்த அவ்வேலையில், எந்தப் பாதியையும் நாம் விட்டுவிடலாகாது.