பொம்பெயில் திறந்தவெளிச் சிற்பங்கள்: பேரிடர் நினைவும் வரலாற்றுச் சான்றும்

முன்னுரை

கி.பி. 79ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை வெடித்ததில் தென் இத்தாலியின் பொம்பெய் நகரம் சாம்பலுக்கும் நுரைக்கல்லுக்கும் அடியில் புதைந்தது. அந்நகரின் இடிபாடுகளுக்கிடையே 2016இல் போலந்துச் சிற்பி இகோர் மித்தோராயின் (1944–2014) வெண்கலச் சிற்பங்கள் ஏறத்தாழ 30 காட்சிக்கு வைக்கப்பட்டன. பேரிடர் நிகழ்ந்த இடத்தில் நிற்கும் தற்காலச் சிற்பத்தை வரலாற்றாய்வு எவ்வாறு அணுகவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வார்ப்பும் விளக்கமும்

பொம்பெயில் பேரிடரே சில உருவங்களுக்கு அச்சாக அமைந்தது. இறுகிய சாம்பலுக்குள் உடல்கள் மட்கியபின் எஞ்சிய வெற்றிடங்களில் 1863இல் ஜுசெப்பே பியோரெல்லி பாரிஸ் சாந்தை ஊற்றி, இறந்தோரின் வடிவங்களை மீட்டார். இவ்வார்ப்புகள் ஐயத்திற்கிடமற்ற சான்றுகளாகக் கருதப்பட்டன. ஆயினும், தாயும் சேயும் என நெடுங்காலம் அறியப்பட்ட இருவருள் பொற்காப்பு அணிந்திருந்தவர் ஆண் என்பதையும், அவர் அக்குழந்தைக்கு இரத்த உறவினர் அல்லர் என்பதையும் 2024இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஆகவே, வார்ப்பு சான்றாகும். அதற்குக் கற்பிக்கப்பட்ட உறவு பிற்காலத்தாரின் விளக்கமாகும்.

தெடாலஸ் சிலை

மித்தோராயின் உருவங்கள் பல கைகளற்றும் முகம் சிதைந்தும் அமைந்தவை. இச்சிதைவுக்கு மூலம் எரிமலையன்று. உடைந்த நிலையில் கிடைத்த செவ்வியல் சிற்பங்களே ஆகும். அவருடைய சிற்பங்கள் 2011இல் சிசிலியின் அக்ரிஜென்டோ கோயில் வளாகத்திலும் வைக்கப்பட்டன. எனவே, அவற்றுக்குப் பேரிடர்ப் பொருளைத் தருவது பெரிதும் அவை நிற்கும் இடமே எனலாம்.

தெடாலஸ் சிலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கண்காட்சி முடிந்த பின்னரும் அது வீனஸ் கோயில் பகுதியில் நிலைபெற்றது. அக்கோயில் கி.பி. 62ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமுற்று, சீரமைப்பு முற்றுப்பெறும் முன்னரே எரிமலைச் சாம்பலில் புதைந்தது. மகன் இகாரஸை இழந்த தெடாலஸ், பொம்பெய் அமைந்துள்ள கம்பானியா நிலப்பகுதியின் கூமேயில் வந்திறங்கி அப்பல்லோவுக்குக் கோயில் எழுப்பியதாக வர்ஜில் பாடியுள்ளார். இகாரஸின் வீழ்ச்சி பொம்பெய் வீடுகளின் சுவரோவியங்களிலும் இடம்பெற்றுள்ளது. இவ்வகையில் அச்சிலை அம்மண்ணின் தொன்மரபுக்கு அயலானதன்று.

முடிவுரை

தொல்லியல் தளத்தில் நிற்பதனாலேயே ஒரு சிலை தொல்பொருளாகிவிடாது. பியோரெல்லியின் வார்ப்பு கி.பி. 79இல் மாண்டோரின் இறுதி நிலைக்குச் சான்று. மித்தோராயின் வெண்கலம் அப்பேரிடரை இக்காலம் நினைவுகூரும் முறைக்குச் சான்று. முன்னதற்குக் கற்பித்த கதையை மறுஆய்வு செய்வதும், பின்னதன் காலத்தையும் இயல்பையும் பார்வையாளருக்குத் தெளிவாக அறிவிப்பதும் இன்றியமையாதவை. இல்லையெனில் துயரத்தின் மீதான இரக்கமே வரலாற்றுப் பிழைக்கு வழிவகுத்துவிடும்.