கடமை எல்லோருக்கும், காப்பு மருத்துவருக்கு மட்டுமா? இந்தியச் செவிலியர் பணியின் சட்ட, அற, தொழில் தரநிலைகள்

செவிலியர் பணியின் தரநிலைகள் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகின்றன. சட்டங்களும் அவற்றுக்கு நீதிமன்றங்கள் தந்த விளக்கங்களும் ஒன்று. செவிலியர் சமூகம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட அறநெறிக் கோவை மற்றொன்று. பதிவு மன்றங்களும் மருத்துவமனைகளும் நிர்ணயிக்கும் தொழில் நடைமுறை மூன்றாவது. பாடநூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களாகக் கற்பிக்கின்றன. வார்டில் இவை பிரிந்து நிற்பதில்லை. நள்ளிரவில் தொலைபேசி வழியாக வரும் ஒரு மருந்து உத்தரவை ஏற்பதா, அளவு மிகுதி என்று மறுத்துக் கேட்பதா, கேட்டதைக் கேஸ் ஷீட்டில் எப்படி எழுதுவது என்ற கேள்விகளில் மூன்றும் ஒருசேர வந்து நிற்கின்றன. இந்தியச் சட்டம் கடமைகளைச் சுமத்தும்போது செவிலியரையும் சேர்த்துப் பேசுகிறது. பாதுகாப்பையும் முடிவெடுக்கும் உரிமையையும் வழங்கும்போது பெரும்பாலும் மருத்துவரை மட்டுமே குறிப்பிடுகிறது. இந்த இடைவெளி நீடிக்கும்வரை அறநெறிக் கோவையைக் கடைப்பிடிப்பது செவிலியரின் தனிப்பட்ட துணிச்சலைப் பொறுத்ததாகவே இருக்கும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தமிழகத்தில் இத்தொழிலுக்கான சட்ட அடித்தளம் விடுதலைக்கு முந்தையது. 1926-ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் பதிவேட்டையும் பதிவு மன்றத்தையும் உருவாக்கியது. மாகாணத்துக்கு மாகாணம் பயிற்சி வேறுபட்டதால், அதைச் சீராக்க 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வந்தது. எந்தப் படிப்பை ஏற்பது, யாரைப் பதிவு செய்வது என்ற இரண்டு வினாக்களுக்கே இச்சட்டங்கள் முதன்மையாக விடை தந்தன. பதிவு பெற்ற செவிலியர் தம் சொந்தப் பொறுப்பில் எதையெல்லாம் செய்யலாம், எதைச் செய்ய மறுக்கலாம் என்ற மூன்றாவது வினா அப்போது எழுப்பப்படவில்லை. 1947 சட்டத்தின் இடத்தில் வருவதற்காக இயற்றப்பட்டு, 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 29 உறுப்பினர் கொண்ட ஆணையத்தையும், அதன்கீழ் அறநெறிக்கும் பதிவுக்குமான தனி வாரியத்தையும் அமைக்க வகை செய்கிறது. பதிவின்றித் தகுதிபெற்ற செவிலியராகப் பணிபுரிவோருக்கு ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் மூன்றாவது வினாவுக்கான விடை இங்கும் பின்னால் எழுதப்பட வேண்டிய ஒழுங்குமுறைகளிடமே விடப்பட்டிருக்கிறது.

பதிவு என்பது வெறும் காகிதச் சடங்கல்ல என்பதை உச்ச நீதிமன்றம் 1998-இல் தீர்த்த ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கு காட்டுகிறது. டைபாய்டு காய்ச்சல் என்று 1993 டிசம்பரில் ஒரு குழந்தை அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. மருத்துவர் குறித்தது குளோராம்பெனிகால். செவிலியராகப் பணியிலிருந்தவர் வாங்கிவரச் சொல்லிச் சிரைவழி செலுத்தியது லாரியாகோ, அதாவது குளோரோகுயின். ஊசி ஏறும்போதே குழந்தை சரிந்தது. இதயம் நின்றது, உயிர் மீண்டாலும் மூளைச் சேதம் மீளவில்லை. தகுதியற்ற ஒருவரைச் செவிலியராக அமர்த்தி, அவரிடம் ஒரு குழந்தையை ஒப்படைத்ததே மருத்துவமனையின் அலட்சியம் என்று முடிவாயிற்று. குழந்தைக்குப் பன்னிரண்டரை லட்சமும், பெற்றோரின் மனவேதனைக்கு ஐந்து லட்சமும் இழப்பீடாயின.

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று முதலாண்டு மாணவிக்குச் சொல்லித்தரப்படும் ஐந்து சரிபார்ப்புகளும் வெறும் வகுப்பறைப் பாடமல்ல என்பது இவ்வழக்கில் தெரிகிறது. மருந்தின் பெயரைக் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டிருந்தால் ஊசி அங்கேயே நின்றிருக்கும். வேலைக்கு அமர்த்தியவர் பதில் சொல்ல வேண்டும் என்ற பொறுப்பு விதியை நீதிமன்றம் இங்கே சரியான இடத்தில் பொருத்தியது. குறைந்த கூலிக்குத் தகுதியற்றவர்களை வைத்து வார்டு நடத்தும் நிர்வாகம், தவறு நேர்ந்தபின் ஊசி போட்டவரை முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்க முடியாது. தனியார் மருத்துவமனைகளில் இன்றும் வெள்ளுடை அணிந்திருப்பவர் எல்லோரும் பதிவுபெற்ற செவிலியர்தானா என்று நோயாளிக்குத் தெரிய வழியில்லாத நிலையில், இத்தீர்ப்பின் பொருத்தம் குறையவில்லை.

மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் வி.பி. சாந்தா வழக்கு நிலைநாட்டியபின் உரிமையியல் பொறுப்பின் பாதை தெளிவாகிவிட்டது. குற்றவியல் பொறுப்பில்தான் சிக்கல் ஆழமாகிறது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விதிகளைத் தந்தது. முதலாவது, சாதாரணக் கவனக்குறைவு குற்றமாகாது. அது மிக அப்பட்டமானதாக இருக்க வேண்டும். இரண்டாவது, மருத்துவர்மீது வழக்குத் தொடருமுன் அத்துறை அறிந்த, சார்பற்ற மருத்துவரின் கருத்தைக் காவல் துறை பெற வேண்டும். வழக்கமான முறையில் உடனே கைது செய்துவிடக் கூடாது. முதல் விதி செவிலியருக்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. இரண்டாவது விதி மருத்துவரைக் குறித்தே சொல்லப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் இதே போன்ற பாதுகாப்பு செவிலியருக்கும் வேண்டும் என்று மாநில அரசை அறிவுறுத்தியது. ஒரு மாநிலத்தின் உயர் நீதிமன்றம் தனியே சொல்ல நேர்ந்ததே அந்த வெற்றிடத்துக்குச் சான்று.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அவ்வெற்றிடத்தை மேலும் அகலமாக்கியிருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் எவருக்கும் இரண்டாண்டு வரைதான் சிறை. புதிய சட்டம் அதை ஐந்தாண்டு வரை உயர்த்திவிட்டு, மருத்துவச் செயல்முறையின்போது பதிவுபெற்ற மருத்துவரால் நேர்ந்தால் இரண்டாண்டு வரை என்று விலக்கு அளித்தது. பதிவுபெற்ற மருத்துவர் என்பதற்கான விளக்கம் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்கீழுள்ள பதிவேட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. செவிலியரின் பெயர் அப்பதிவேட்டில் இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே ஒரே அறையில், ஒரே நோயாளிக்கு, ஒரே சிகிச்சையின் இரு பகுதிகளைச் செய்த இருவரில், உத்தரவிட்டவரின் உச்சத் தண்டனை பழையபடியே நிற்க, உத்தரவை நிறைவேற்றியவரின் உச்சத் தண்டனை இரண்டரை மடங்காகிவிட்டது. இந்திய மருத்துவச் சங்கத்தின் கோரிக்கையை ஏற்றே விலக்கு அளிக்கப்பட்டதாக உள்துறை அமைச்சர் மக்களவையில் தெரிவித்தார். மருத்துவர்கள் கேட்டது நியாயமே; அச்சத்தில் சிகிச்சை தழைக்காது. அந்த நியாயம் செவிலியர் விஷயத்தில் எந்த வகையில் குறைகிறது என்பதற்கு விடை சட்டத்தில் இல்லை.

இரகசியம் காத்தல் தொடர்பான சட்டத்திலும் இதே அமைப்பைக் காணலாம். நோயாளியின் செய்திகளைக் காக்கும் கடமையை அறநெறிக் கோவைகள் முன்பே வலியுறுத்தின. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டமும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டமும் அதைச் சட்டக் கடமையாக்கின. மறுபக்கம், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 18 வயது நிரம்பாதவர்மீது குற்றம் நடந்ததென அறியும் எவரும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. தமிழகத்தில் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பிக்மி எனப்படும் பதிவு எண் பெற்றுத்தருவது அவர் வேலை. பதினேழு வயதில் மணமாகிக் கருவுற்ற பெண் அவரிடம் வரும்போது, பதிவுசெய்தால் கணவன்மீது வழக்கு வரும் என்று குடும்பம் அஞ்சுகிறது. செய்தி வெளிவரும் என்று பயந்து அந்தப் பெண் மருத்துவமனைப் பக்கமே வராமல் போனால் தாயின் உயிருக்கே ஆபத்து. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் இந்த நெருக்கடியை உணர்ந்து, கருக்கலைப்பு நாடும் சிறுமியும் பாதுகாவலரும் வேண்டிக்கொண்டால் போக்சோ தகவலில் அவள் அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என்று இரக்கத்தோடு தளர்வு அளித்தது. அத்தளர்வும் பதிவுபெற்ற மருத்துவருக்கே. வீட்டு வாசலில் முதலில் உண்மையைக் கேட்டறியும் கிராம சுகாதார செவிலியரைத் தீர்ப்பு குறிப்பிடவில்லை.

சட்டம் இவ்வளவு ஓரவஞ்சனையாக இருக்க, அறநெறிக் கோவையின் எதிர்பார்ப்பு மிக உயர்ந்தது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்று, பலமுறை திருத்தி, கடைசியாக 2021-இல் வெளியிட்ட கோவை, செவிலியரின் முதல் கடமை சிகிச்சை தேவைப்படுவோரிடமே என்கிறது. மருத்துவரிடமோ நிர்வாகத்திடமோ அல்ல. சக பணியாளரின் செயலால் நோயாளிக்கு ஆபத்து நேருமென்றால் தலையிட்டுத் தடுக்க வேண்டும் என்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் கோவையும் இதே திசையில் செல்கிறது. உத்தரவு தவறு என்று கண்டால் கேள்வி கேட்பது இவ்விரண்டின்படி செவிலியரின் கடமை. கேட்டவர் மறுநாள் வேறு வார்டுக்கு மாற்றப்பட்டால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால், அவரைக் காக்கும் ஏற்பாடு என்ன? பொதுநலன் கருதித் தவறுகளை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014-இல் இயற்றிய சட்டம் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. வந்தாலும் தனியார் மருத்துவமனைகளை அது எட்டாது. தண்டிக்கப்படாமல் பேச முடிந்தால்தான் பேசுவதைக் கடமை என்று எழுதுவதில் அர்த்தமுண்டு.

அதே கோவை கவனத்தோடும் கருணையோடும் பராமரிக்கச் சொல்கிறது. கவனத்துக்கு நேரம் வேண்டும். நேரம் எண்ணிக்கையைப் பொறுத்தது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர், விடுப்புக்கென முப்பது விழுக்காடு கூடுதல் என்று இந்திய நர்சிங் கவுன்சில் வரையறுத்திருக்கிறது. ஆனால் அது பரிந்துரை; மீறினால் மருத்துவமனைக்குத் தண்டனை இல்லை. இரவில் முப்பது, நாற்பது படுக்கைகளை ஒருவரே பார்க்கும் வார்டில் நேரும் மருந்துத் தவறுக்குச் செவிலியரை விசாரிக்கிறார்கள். பணிப்பட்டியல் போட்டவரை விசாரிப்பதில்லை. எழுதப்படாதது செய்யப்படாததே என்பது செவிலியர் பயிற்சியின் பழைய பாடம். நீதிமன்றத்திலும் கேஸ் ஷீட்டே பேசும். எழுத நேரமில்லாத அளவுக்குப் பணிச்சுமை இருந்தது என்பதும் அதே கேஸ் ஷீட்டில் பதிவாகும்படி, அந்த ஷிப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை செவிலியர் என்ற குறிப்பைக் கட்டாயமாக்குவது மிக எளிய, செலவற்ற சீர்திருத்தம்.

ஊதியமும் தரநிலைப் பிரச்சினையே; குறைந்த ஊதியத்தில் நிலையற்ற வேலையில் இருப்பவர் மறுத்துக் கேட்கத் தயங்குவார். உச்ச நீதிமன்றத்தின் 2016 ஜனவரி ஆணைப்படி அமைந்த குழு, இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு நிகராகவும், மிகச் சிறியவைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் ஊதியம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதுவும் மாநிலங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது. தமிழகத்திலோ தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னை மருத்துவப் பணிகள் இயக்கக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் பணி நிரந்தரம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது.

ஒப்புதல் படிவம் சிறிய விஷயமாகத் தோன்றினாலும் இடைவெளி அங்கும் உண்டு. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றை விளக்கி ஒப்புதல் பெறும் கடமையை மருத்துவரிடம் வைத்தது. நடைமுறையில் அறுவைக்கு முந்தைய மாலை படிவத்தோடு படுக்கையருகே செல்பவர் செவிலியர். கையொப்பத்துக்குச் சாட்சியாக நிற்பதே அவர் பங்கு. விளக்கம் தரப்படவில்லை என்று நோயாளி சொன்னால், கையொப்பம் வாங்காமல் மருத்துவரை அழைப்பதே சட்டமும் அறமும் ஒன்றுபடும் நடத்தை.

செவிலியரின் குரலுக்கு இந்திய நீதிமன்றம் முழு எடை தந்த நிகழ்வு ஒன்று உண்டு. மும்பை கே.ஈ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் பணியிடத்திலேயே அங்கிருந்த ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு உணர்விழந்தார். 2015 மே மாதம் இறக்கும்வரை நாற்பத்தொரு ஆண்டுகள் அவரைப் பேணியவர்கள் அதே மருத்துவமனைச் செவிலியர்கள். உயிர்தாங்கும் சிகிச்சையை நிறுத்தக் கோரிய மனுவில் 2011-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அவர் சார்பில் பேசும் உரிமை மனுதாரருக்கு அல்ல, பேணிய மருத்துவமனைப் பணியாளர்களுக்கே என்று ஏற்றது. செயலற்ற கருணைக் கொலையைக் கட்டுப்பாடுகளோடு அனுமதித்த தீர்ப்பும் அதுவே. ஆனால் அவ்வழியை விரிவாக்கிய 2018 தீர்ப்பும் 2023 ஜனவரித் திருத்தமும் அமைத்த மருத்துவ வாரியங்களில் மருத்துவர்களுக்கே இடம். இறுதி நாட்களில் நோயாளியின் வலியையும் விருப்பத்தையும் மிக அருகிலிருந்து அறிபவருக்கு அவ்வாரியத்தில் கருத்துரைக்கும் வாய்ப்புகூட வகுக்கப்படவில்லை.

இவற்றைச் சரிசெய்யும் அதிகாரம் வெவ்வேறு இடங்களில் இருக்கிறது. 106-ஆம் பிரிவின் விளக்கத்தில் பதிவுபெற்ற செவிலியரையும் மகப்பேறு உதவியாளரையும் சேர்க்க நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவர வேண்டும். செவிலியர் தம் பொறுப்பில் செய்யத்தக்கவை, நிலையான எழுத்துமூல உத்தரவின்கீழ் செய்யத்தக்கவை, மறுக்க உரிமையுள்ளவை என்ற பணி எல்லையை 2023 சட்டத்தின் ஆணையம் ஒழுங்குமுறையாகவே வெளியிடலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. தொலைபேசி உத்தரவைத் திரும்பப் படித்து உறுதி செய்வதும், குறித்த நேரத்துக்குள் மருத்துவர் கையொப்பமிடுவதும் அதில் இடம்பெற வேண்டும். நோயாளி, செவிலியர் விகிதத்தைப் பரிந்துரையிலிருந்து உரிம நிபந்தனையாக மாற்றும் வழி, மருத்துவ நிறுவனங்களுக்கான 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விதி இயற்றும் அதிகாரமாகத் தமிழக அரசின் கையிலேயே இருக்கிறது.