இயற்கை மூட்டும் செயற்கை மூட்டும்

மனிதன் நிற்பதும் நடப்பதும், அமர்வதும் எழுவதும் இடுப்பு மூட்டின் துணையால் நிகழ்பவை. தொடையெலும்பின் உச்சியில் உருண்டையான தலை ஒன்று உண்டு. இடுப்பெலும்பில் கிண்ணம்போல் அமைந்த குழியில் அத்தலை பொருந்திச் சுழல்கிறது. இரண்டின்மீதும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உராயும், நடை தளரும், இரவில் உறக்கமும் கெடும். இவ்வாறு பழுதுற்ற மூட்டை நீக்கிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் முறையை, இலண்டன் மருத்துவ இதழாகிய 'லான்செட்' 2007ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்று 'நூற்றாண்டின் அறுவைச் சிகிச்சை' எனப் போற்றியது. அப்புகழ் எளிதில் கிட்டவில்லை. இயற்கை அமைப்பை எந்த அளவுக்குப் பின்பற்றுவது, எவ்விடத்தில் அதனை விட்டு விலகுவது என்னும் வினா இம்முறையின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

உருவத்தைப் பின்பற்றியோர்

1826ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜான் ரே பார்ட்டன் என்னும் மருத்துவர், இடுப்பு இறுகிப்போன மாலுமி ஒருவரின் தொடையெலும்பை வெட்டி, அவ்விடத்தில் அசைவு உண்டாக்கினார். செயற்கைப் பொருள் எதையும் அவர் வைக்கவில்லை. 1890ஆம் ஆண்டையொட்டி பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்பார் யானைத் தந்தத்தால் மூட்டுகள் செய்து பொருத்தினார். காசநோயால் கெட்ட மூட்டுகளில் அவை வைக்கப்பட்டமையால் சீழ் பிடித்து நிலைக்காது போயின.

1923இல் பாஸ்டன் நகரின் ஸ்மித் பீட்டர்சன், எலும்புத் தலையின்மேல் கவிக்கக் கண்ணாடிக் கிண்ணம் செய்தார். கண்ணாடி வழவழப்பானதுதான், ஆனால் உடல் எடையைத் தாங்காது உடைந்தது. 1938இல் அவர் கோபால்ட், குரோமியம் கலந்த உலோகத்துக்கு மாறினார். அதே ஆண்டில் இலண்டனில் பிலிப் வைல்ஸ், தலை, குழி இரண்டையும் துருப்பிடிக்காத எஃகினால் அமைத்தார். 1946இல் பாரிஸ் நகரின் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் தலை செய்து வைத்தனர். அவற்றுள் சில நடக்கும்போது கிறீச்சிட்டன; பல தேய்ந்தும் உடைந்தும் போயின. இவர்கள் யாவரும் தலை இருந்த இடத்தில் தலைபோன்ற ஒன்றை வைக்க முயன்றவர்களே. உருவம் ஒத்திருந்தது, உராய்வைத் தாங்கும் தன்மையோ ஒத்திருக்கவில்லை.

துலாக்கோல் கணக்கு

இடுப்பு மூட்டைத் துலாக்கோலுக்கு ஒப்பிடலாம். ஒற்றைக் காலில் நிற்கும்போது உடலின் எடை மூட்டுக்கு உட்புறமாகக் கீழே இழுக்கிறது. வெளிப்புறத்துத் தசைகள் அதற்கு எதிராக இழுத்து இடுப்பைச் சமன் செய்கின்றன. எடை தொங்கும் கை நீளமானது. தசை இழுக்கும் கை குட்டையானது. ஆகவே தசை உடல் எடையைப்போல் இரு மடங்குக்குக் குறையாமல் இழுக்க வேண்டியிருக்கிறது. அவ்விழுப்பும் எடையும் சேர்ந்து மூட்டின்மேல் ஏறக்குறைய மூன்று மடங்குச் சுமையாக விழுகின்றன. ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் பாவல்ஸ் 1935இல் வெளியிட்ட ஆய்வு இக்கணக்கை மருத்துவ உலகுக்கு விளக்கிற்று.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி (1911-1982) இக்கணக்கைத் தம் திட்டத்துக்கு அடிப்படையாகக் கொண்டார். குழியை உட்புறமாகத் தள்ளி வைத்தால் எடையின் கை குறுகும். தசை பற்றியுள்ள எலும்பு முனையை வெட்டி வெளிப்புறமாக ஒட்டினால் தசையின் கை நீளும். இயற்கைத் தலையின் விட்டம் பெரும்பாலோர்க்கு 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. சார்ன்லியோ உராய்வைக் குறைக்கக் கருதி 22.225 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு எஃகுத் தலையைத் தேர்ந்தார். இயற்கையின் உருவத்தை அறிந்தே கைவிட்ட முதற்பெரும் முயற்சி இஃது எனலாம்.

டெஃப்லான் தந்த பாடம்

குழிக்கு அவர் முதலில் எடுத்த பொருள் டெஃப்லான். ஏறத்தாழ 300 நோயாளிகளுக்கு அது பொருத்தப்பட்டது. தொடக்கத்தில் வலி நீங்கி அவர்கள் மகிழ்ந்தனர். சில ஆண்டுகளுக்குள் டெஃப்லான் விரைந்து தேய்ந்தது. அதன் துகள்கள் சுற்றியுள்ள தசையையும் எலும்பையும் புண்ணாக்கின. பொருத்திய மூட்டுகளைச் சார்ன்லி தம் கையாலேயே மீண்டும் அகற்ற நேர்ந்தது. 1962இல் பாலிஎதிலீன் என்னும் பொருள் அவர் பட்டறைக்கு வந்தபோது அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன் அதனைத் தேய்வுப் பொறியிலிட்டுச் சோதித்தார். டெஃப்லான் ஒரு நாளில் தேயும் அளவுகூட மூன்று வாரத்தில் அது தேயவில்லை. ஆயினும் சார்ன்லி இரு பொருள்களின் துண்டுகளையும் தம் தொடைக்குள்ளேயே பதித்து விளைவைக் கண்டறிந்தார். 1962 நவம்பர் முதல் பாலிஎதிலீன் குழி பயன்பாட்டுக்கு வந்து நிலைத்தது.

மீண்டும் இயற்கையை நோக்கி

சார்ன்லியின் முறை ஆயிரமாயிரம் பேரை நடக்க வைத்தது. ஆனால் விலையும் கேட்டது. சிறு தலை குழியை விட்டு எளிதில் நழுவும். வெட்டி ஒட்டிய எலும்பு முனை சிலருக்குக் கூடாமல் போயிற்று. குழியை ஆழமாகக் குடைந்ததால் நல்ல எலும்பும் வீணாயிற்று. ஆதலின் பின்வந்தோர் மூட்டின் மையத்தை அது பிறவியில் இருந்த இடத்திலேயே அமைக்க முற்பட்டனர். தொடையெலும்பின் அச்சுக்கும் அம்மையத்துக்கும் இடையிலுள்ள தொலைவு குறைந்தால் தசை தொய்ந்து நடை சாயும்; கால் நீண்டுவிட்டால் நரம்பு இழுபடும், இடுப்பும் கோணும். இவற்றை அறிய, நோயற்ற மறுபக்கத்து மூட்டின் எக்ஸ்ரே படத்தையே அளவுகோலாகக் கொள்வது வழக்கமாயிற்று.

இத்திரும்புதலுக்கு வழிவிட்டவை புதிய பொருள்களே. 1970இல் பிரான்சில் பியேர் பூத்தென் பீங்கான் மூட்டைப் புகுத்தினார். 1990களின் இறுதியில் கதிர்வீச்சால் உறுதியாக்கப்பட்ட பாலிஎதிலீன் வந்தது. தேய்வு குறைந்ததால் 32, 36 மில்லிமீட்டர் தலைகளும் இயல்பாயின.

எனினும் அளவு மட்டும் இயற்கையை ஒத்தால் போதாது என்பதற்கும் சான்று கிடைத்தது. இயற்கைத் தலையளவே பெரிய உலோகத் தலையை உலோகக் குழியில் சுழலவிட்ட மூட்டுகளுள் சில, உலோகத் துகள்களை உதிர்த்துத் தசையைக் கெடுத்தன. அத்தகைய ஒருவகை 2010இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. டெஃப்லான் புகட்டிய பாடத்தை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப்பின் நோயாளிகள் தம் உடலால் மறுபடியும் கற்க நேர்ந்தது.

பல நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, இம்மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. இவ்வெற்றி இயற்கையின் உருவத்தை அப்படியே படியெடுத்ததால் வந்ததன்று. எலும்பின் நீளம், தசையின் இழுப்பு, மூட்டின் மையம் ஆகியவற்றுக்கிடையே அவரவர் உடலில் அமைந்த பொருத்தத்தை அளந்து, அதனைத் தாங்கவல்ல பொருளையும் தேர்ந்ததால் வந்ததாகும். இவ்விரண்டில் ஒன்று பிழைத்தாலும் நோயாளியின் நடையே அதனைக் காட்டிவிடும்.